சீட்டா, பொத்தானா, ஸ்கேனரா? இலங்கைத் தேர்தலுக்கு எது கட்டுப்படியாகும்

2019 ஜனாதிபதித் தேர்தலன்று வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வாக்களிப்பு நிலையக் கடமை. வேட்பாளர்கள் 35 பேர், வாக்குச்சீட்டின் நீளம் 26 அங்குலம். வயதான ஒரு அம்மா சீட்டை வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தப் பாயை என்னெண்டு மடிக்கிறது?" என்று கேட்டார். அவருடைய சீட்டை நான் தொடக்கூடாது. மேசையில் கிடந்த வெறுந்தாள் ஒன்றை எடுத்து, பாதியாக, மறுபடி பாதியாக மடித்துக் காட்டினேன். "இப்படித்தான் அம்மா, புள்ளடி உள்ளுக்குப் போகோணும்." அவருக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது.

அந்த ஆண்டு பதிவுசெய்யப்பட்ட வாக்காளர்கள் 15,992,096 பேர். ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு 26 அங்குலம் என்று பெருக்கினால் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பதின்மூன்று தடவை போய்வரலாம். "மெஷின் வந்தா இந்தக் கடதாசி எல்லாம் மிச்சம்தானே சேர்" என்றார் என்னோடு கடமையில் இருந்த இளம் ஆசிரியர். ஒவ்வொரு தேர்தலும் முடிந்த பிறகு எழுகிற பேச்சுத்தான் இது. நான் படிப்பிப்பது கணிதம். மிச்சமா இல்லையா என்று போட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றியது.

முன்னால் இருப்பவை மூன்று வழிகள். இப்போதுள்ள கடதாசிச் சீட்டையும் கையால் எண்ணுவதையும் அப்படியே தொடரலாம். இந்தியாவைப் போல ஒவ்வொரு நிலையத்திலும் பொத்தான் இயந்திரம் வைக்கலாம். அல்லது சீட்டைக் கடதாசியாகவே விட்டு, எண்ணும் வேலையை மட்டும் ஸ்கேனரிடம் கொடுக்கலாம்.

காசு எங்கே போகிறது

2023 மார்ச்சில் நடக்கவேண்டியிருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு மதிப்பிடப்பட்ட செலவு சுமார் 10 பில்லியன் ரூபாய், அதாவது ஆயிரம் கோடி. திறைசேரி பணத்தை விடுவிக்கவில்லை. பணம் வராமல் வாக்குச்சீட்டு அச்சிட முடியாது என்று அரச அச்சகர் சொல்லிவிட்டார். தேர்தல் தள்ளிப்போய், கடைசியில் 2025 மே 6இல்தான் நடந்தது. அதைத் தள்ளிப்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இயந்திரத்துக்காக வாதாடுகிறவர்கள் இந்தக் கதையைத்தான் முதலில் எடுப்பார்கள். கையில் இயந்திரம் இருந்திருந்தால் அச்சகத்தைக் காட்டித் தேர்தலை நிறுத்தியிருக்க முடியாதே என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆயிரம் கோடியை அச்சகம் மட்டும் விழுங்கப்போவதில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் 13,421 வாக்களிப்பு நிலையங்கள். கடமைக்கு இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான அரச ஊழியர்கள், அதற்கு மேல் பொலிஸ். இவர்களுக்குக் கொடுப்பனவு, சாப்பாடு, பஸ், எரிபொருள். நெடுந்தீவுக்குப் பெட்டி போக வேண்டுமென்றால் படகு. இயந்திரம் வைத்தாலும் பெயர்ப் பட்டியலைப் பார்க்க ஒருவர் வேண்டும், விரலுக்கு மை பூச ஒருவர் வேண்டும், வாசலில் பொலிஸ் வேண்டும், இயந்திரத்தையே படகில் ஏற்றவும் வேண்டும். திறைசேரிக்கு மனமில்லாவிட்டால் எரிபொருளுக்கும் காசு வராது.

இன்னொன்று, தபால்மூல வாக்கு. 2024இல் தபாலில் வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் ஏழு இலட்சத்துக்கும் மேல். அவர்களுக்கு என்ன இயந்திரம் வந்தாலும் கடதாசிதான். ஆகவே அச்சகமும் இருக்கும், தபால் சீட்டை எண்ணும் மேசையும் இருக்கும். பொத்தான் முறை வந்தால் இரண்டு முறைகளையும் சேர்த்து நடத்தப்போகிறோம். இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

இந்திய விலை, பங்களாதேஷ் விலை

இந்திய இயந்திரத்தின் விலையை மறைக்கவேண்டியதில்லை, மலிவுதான். 2006 முதல் 2010 வரை செய்யப்பட்டவை ஒரு தொகுதி 8,670 இந்திய ரூபாய். 2023 தொடக்கத்தில் தேர்தல் ஆணையம் போட்ட உத்தேச விலை: பொத்தான் பலகை 7,900, கட்டுப்பாட்டுக் கருவி 9,800, வாக்கைச் சின்னச் சீட்டில் அச்சிட்டு ஏழு விநாடி காட்டும் விவிபாட் 16,000. மூன்றும் சேர்ந்து 33,700. பெங்களூரு பெல், ஹைதராபாத் ஈசிஐஎல் என்ற இரண்டு அரசு நிறுவனங்களே செய்வதால் இலாபக் கையும் நடுவில் அவ்வளவாக இல்லை.

நமக்கு எத்தனை வேண்டும்? ஒரு பொத்தான் பலகையில் 16 பெயர். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் மட்டும் 44 பட்டியல்கள், ஆறு ஆசனத்துக்கு 396 வேட்பாளர்கள். ஆகவே நிலையத்துக்கு மூன்று பலகை. இனி, நிலையத்துக்கு ஒன்று என்று வாங்கினால் போதாது. பழுது, பயிற்சி, மாற்று எல்லாவற்றுக்கும் சேர்த்து வைக்கவேண்டும். மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் வைப்பதற்காக இந்திய ஆணையம் போட்ட கணக்கில் 11.80 இலட்சம் சாவடிக்கு இரண்டு தொகுதி வீதம் 23.6 இலட்சம் என்று வரவேண்டிய இடத்தில், 33,63,300 கட்டுப்பாட்டுக் கருவியும் 36,62,600 விவிபாட்டும் கேட்டிருந்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதே விகிதத்தில் நமக்கு இருபதாயிரம் தொகுதிகள். மூன்று பலகையோடு ஒரு தொகுதி 49,500 இந்திய ரூபாய். மொத்தம் 99 கோடி. ஒரு இந்திய ரூபாய்க்கு நம்முடையது மூன்றரை என்று வைத்தால் சுமார் 350 கோடி இலங்கை ரூபாய்.

சரி, இது என்ன பெரிய தொகை? ஒரு தேர்தலுக்கு ஆயிரம் கோடி செலவழிக்கிற நாடு, 15 வருடம் உழைக்கும் பொருளுக்கு 350 கோடி கொடுத்தால் என்ன? நான் கணக்குப் போட்டபோது எனக்கே இது இடித்தது. இயந்திரத்துக்கு எதிராக எழுதலாம் என்று உட்கார்ந்த ஆளுக்கு இப்படி ஒரு விடை வந்தால் எப்படி இருக்கும்!

ஆனால் அந்த விலைக்குக் கிடைப்பது ஒரு அழுத்தத்துக்கு ஒரு வாக்கு என்ற இயந்திரம். நமது தேர்தல் அப்படியில்லை. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு வரிசை எழுதலாம். நாடாளுமன்றத்தில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அந்தப் பட்டியலுக்குள் மூன்று பேர்வரை விருப்பு வாக்கு. இதற்கு வேறு மென்பொருள், வேறு திரை, வேறு சோதனை வேண்டும். 'இந்திய இயந்திரம்' என்ற பெயர் இருக்கும், இந்திய விலை இருக்காது.

வேறு விலை எப்படி இருக்கும் என்பதற்குப் பங்களாதேஷைப் பார்க்கலாம். 2018இல் அவர்கள் ஒன்றரை இலட்சம் இயந்திரத்துக்கு 3,825 கோடி டாக்கா திட்டம் போட்டார்கள். வகுத்தால் ஒன்று இரண்டரை இலட்சம் டாக்காவைத் தாண்டும், அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 3,000 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்து இருபதாயிரத்தால் பெருக்கினால் 1,800 கோடி இலங்கை ரூபாய். இந்தியக் கணக்கைவிட ஐந்து மடங்கு. ஐந்து வருடம் கழியுமுன்னே அவற்றில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவை பழுது பார்க்கவேண்டிய நிலைக்கு வந்தன. 2022இல் இன்னும் இரண்டு இலட்சம் வாங்க 8,711 கோடி டாக்கா கேட்டார்கள். நாட்டின் பொருளாதார நிலையைக் காட்டி 2023 ஜனவரியில் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. 300 நாடாளுமன்றத் தொகுதிக்கும் கடதாசியே போதும் என்று ஏப்ரலில் முடிவெடுத்தார்கள். 2022இல் நாம் பட்ட பாட்டை நினைத்தால், இந்தக் கதை தூரத்து நாட்டுக் கதையாக எனக்குப் படவில்லை.

வாங்கிய பிறகு வைக்கவும் வேண்டும். அயர்லாந்து ஐந்து கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து 7,500 இயந்திரம் வாங்கியது. 2002இல் சில தொகுதிகளில் பரீட்சித்தார்கள், நம்பிக்கை வரவில்லை, நாடளாவிய தேர்தலில் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. வருடக்கணக்காக வாடகைக் களஞ்சியங்களில் வைத்திருந்துவிட்டு, 2012இல் பழைய உலோகமாக விற்றபோது கிடைத்தது 70,267 யூரோ. ஒன்றுக்குப் பத்து யூரோவும் இல்லை. நமது கச்சேரிகளில், அதாவது மாவட்டச் செயலகங்களில், வாக்குப்பெட்டி வைத்திருக்கும் அறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூரை ஒழுகினால் பெட்டி நனையும், துடைத்துவிட்டால் போதும். மின்சுற்றுப் பலகையைத் துடைத்து வைக்க முடியாது.

பொத்தானுக்குச் சேரவேண்டிய நியாயம்

இரண்டு விடயத்தில் இயந்திரம் கடதாசியை வெல்கிறது.

முதலாவது, நிராகரிக்கப்பட்ட வாக்கு. 2024 ஜனாதிபதித் தேர்தலில் 300,300. அதே வருடம் நாடாளுமன்றத் தேர்தலில் 667,240, அதாவது நூற்றுக்கு ஐந்துக்கு மேல். வாக்கெண்ணும் மேசையில் இருந்தவர்களுக்கு இது வெறும் எண் இல்லை. பட்டியலுக்குப் புள்ளடியே போடாமல் கீழே விருப்பு இலக்கங்களுக்கு மட்டும் மூன்று புள்ளடி அழகாகப் போட்ட சீட்டு வரும். மனிதர் யாருக்கோ மனமார வாக்களித்திருக்கிறார், நாங்கள் நிராகரித்த கட்டில் வைப்போம். ஒருமுறை 44 பட்டியலுக்கும் புள்ளடி போட்ட சீட்டு வந்தது. அது தவறல்ல, கோபம். முதல் வகையை இயந்திரம் தடுத்துவிடும், பட்டியலைத் தெரிவுசெய்யாமல் அடுத்த படிக்கு விடாது.

இரண்டாவது, பெட்டி நிரப்புவது. இந்திய இயந்திரம் நிமிடத்துக்கு நான்கு வாக்குக்கு மேல் ஏற்காது. 1999 வடமேல் மாகாண சபைத் தேர்தலில் கட்டுக்கட்டாகச் சீட்டு திணித்ததை மறந்தவர் இல்லை. 1981இல் யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் வாக்குப்பெட்டிகளே காணாமற்போனதை எங்கள் அப்பா காலத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். இயந்திரம் இருந்திருந்தால் முதல் வகைக் களவு மெதுவாகியிருக்கும். இரண்டாவது வகைக்கு அது மருந்தில்லை. பெட்டி தொலைந்தது போல இயந்திரமும் தொலையும்.

இதில் ஒரு வேடிக்கை. நமது தேர்தல்களில் இந்திய இயந்திரம் மாற்றமே இல்லாமல் பொருந்துவது உள்ளூராட்சிக்கு மட்டும்தான். 2018இல் வந்த கலப்பு முறையில் ஒரே ஒரு புள்ளடி, விருப்பு வாக்கு இல்லை. ஆனால் அந்தத் தேர்தலில் சீட்டை வாக்களிப்பு நிலையத்திலேயே எண்ணிவிடுகிறோம், அன்றிரவே முடிவு தெரியத் தொடங்கிவிடும். இயந்திரம் பொருந்தும் இடத்தில் அவசரமில்லை, அவசரமுள்ள இடத்தில் அது பொருந்தாது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 செப்டெம்பர் 21இல் வாக்களித்தோம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டது. அனுர குமார திசாநாயக்கவின் 5,634,915 வாக்கு 5,740,179 ஆனது, சஜித் பிரேமதாசவின் 4,363,035 வாக்கு 4,530,902 ஆனது. இவ்வளவையும் கையால் எண்ணி மறுநாள் மாலைக்குள் அறிவித்துவிட்டார்கள். தமிழ்நாட்டவர் அதே ஆண்டு ஏப்ரல் 19இல் பொத்தானை அழுத்திவிட்டு ஜூன் 4வரை 46 நாள் காத்திருந்தார்கள். அது ஏழு கட்டத் தேர்தலால் வந்தது, இயந்திரத்தின் குற்றமில்லை. இருந்தாலும் 'மெஷின் என்றால் உடனே முடிவு' என்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.

கடைசியில் நம்பிக்கை. இந்தியாவில் ஒரு சட்டமன்றப் பகுதிக்கு ஐந்து விவிபாட்டின் சீட்டுகளை மட்டும் எண்ணி ஒப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் எண்ணவேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நம் ஊரில், அதுவும் வடக்கு கிழக்கில், ஐந்து போதும் என்று முகவர்கள் எழுந்து போவார்கள் என்று யாராவது நினைக்கிறீர்களா? முழுவதையும் எண்ணச் சொல்வார்கள். எண்ணினால் இயந்திரத்துக்கும் காசு, கையெண்ணலுக்கும் காசு. ஜேர்மனியில் 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அங்கு வைத்த இயந்திரத்தைத் தள்ளியதும் இந்தக் காரணத்தால்தான், தொழில்நுட்பம் தெரியாத சாதாரண குடிமகனும் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடியவேண்டும் என்றது.

சட்டத்தையும் முதலில் திருத்தவேண்டும். கேரளத்துப் பரவூரில் 1982இல் 50 சாவடிகளில் இயந்திரம் வைத்து வாக்கெடுத்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ள, அந்தச் சாவடிகளில் மறுபடி கடதாசியில் வாக்கெடுப்பு நடந்தது. ஒரே வேலைக்கு இரண்டு செலவு.

ஸ்கேனர்

எனக்குப் பிடித்த வழி இதுதான் என்று முன்பே சொல்லிவிடுகிறேன், கூட்டல் கழித்தல் பார்க்கும்போது நீங்கள் என்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம்.

பிலிப்பைன்ஸில் வாக்காளர் கடதாசியில் அடையாளமிட்டு அதை ஸ்கேனருக்குள் விடுகிறார். 2025 தேர்தலுக்கு 110,000 இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தார்கள், மற்றக் கருவிகளும் சேவைகளும் சேர்ந்த ஒப்பந்தம் 17.99 பில்லியன் பெசோ. ஒரு இயந்திரத்துக்குச் சுமார் 2,900 டொலர், ஒரு தேர்தலுக்கு மட்டும். அதையே நமது ஒவ்வொரு நிலையத்திலும் வைத்தால் ஒவ்வொரு முறையும் ஆயிரம் கோடிக்கு மேல். அதற்கு ஒரு தேர்தலையே கூடுதலாக நடத்திவிடலாம்.

நமக்கு அது தேவையில்லை. உள்ளூராட்சி தவிர மற்றத் தேர்தல்களில் பெட்டியைத்தான் வாக்கெண்ணும் நிலையத்துக்குக் கொண்டுவருகிறோம். யாழ்ப்பாணத்தில் என்றால் மத்திய கல்லூரிக்கு. ஸ்கேனர் அங்கே மட்டும் இருந்தால் போதும். ஸ்கொட்லாந்தின் உள்ளூராட்சித் தேர்தலில் இதுதான் நடக்கிறது. அங்கும் வாக்காளர் 1, 2, 3 என்று கையால் எழுதுகிறார். இயந்திரம் வாசிக்கிறது, சந்தேகமான சீட்டு திரையில் வர, அலுவலர் முகவர்கள் முன்னால் முடிவு சொல்கிறார். 2007இல் முதல் தடவை வைத்தபோது நாறிப்போனது. ஒரே நாளில் இரண்டு தேர்தல், குழப்பமான சீட்டு, ஒரு இலட்சத்துக்கு மேல் நிராகரிப்பு, நடுவில் நின்ற எண்ணிக்கை. பிறகு தேர்தல்களைப் பிரித்து 2012, 2017, 2022 என்று ஒழுங்காக நடத்திவிட்டார்கள்.

நாடு முழுக்க ஆயிரம் ஸ்கேனர், ஒன்று பிலிப்பைன்ஸ் விலையைப்போல் இரண்டு மடங்கு என்று தாராளமாகவே வைத்தாலும் ஒரு தேர்தலுக்கு 175 கோடி. மலிவு என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு தேர்தலுக்கு வாடகை கொடுத்தால் 2,000 கோடியைத் தாண்டும், பங்களாதேஷ் கணக்கையும் தோற்கடிக்கும். ஆகவே எல்லாத் தேர்தலுக்கும் அல்ல, விருப்பு வாக்கு எண்ணி எண்ணி ஆட்கள் சோர்ந்து விழுகிற நாடாளுமன்ற, மாகாண சபைத் தேர்தல்களுக்கு மட்டும், அதுவும் சில மாவட்டங்களில் பார்த்த பிறகு. பிசகினால் இழப்பது ஒரு வாடகை. சீட்டு பெட்டியில் இருக்கிறது, மேசையைப் போட்டு எண்ணலாம்.

அதற்கு முன்னால் காசே செலவாகாத ஒரு வேலை இருக்கிறது. 1996இல் தமிழ்நாட்டின் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள், வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அடிக்கவேண்டி வந்தது. அந்தக் கூத்து முடிந்ததும் இந்தியாவில் சட்டமன்ற வேட்பாளரின் காப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பட்டியலும் சுருங்கியது. இலங்கையில் ஜனாதிபதி வேட்பாளரின் கட்டுப்பணம் கட்சிக்காரருக்கு 50,000, சுயேச்சைக்கு 75,000. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதிய தொகை 2024இலும் அதேதான். அன்று அது ஒரு காணியின் விலை, இன்று ஒரு சாதாரண கைப்பேசியின் விலை. சிறிய கட்சிகளும் சிறுபான்மை வேட்பாளர்களும் வெளியே தள்ளப்படாத அளவுக்கு அதை உயர்த்தினாலே பாய் கொஞ்சம் சுருங்கும்.

ஆகவே என் கணக்கின்படி இப்போதைக்குப் பொத்தான் இயந்திரம் வாங்கவேண்டாம், சீட்டு இருக்கட்டும், கட்டுப்பணத்தை உயர்த்துங்கள். 2014க்குப் பிறகு நடக்காமலே கிடக்கும் மாகாண சபைத் தேர்தல் எப்போது வருகிறதோ அப்போது ஸ்கேனரை ஒரு மாவட்டத்தில் வையுங்கள். யாழ்ப்பாணமே இருக்கட்டும், பட்டியலும் அதிகம், சந்தேகமும் அதிகம். ஒரே கட்டை முதலில் இயந்திரம் எண்ணட்டும், பிறகு மேசை எண்ணட்டும். இரண்டு விடையையும் முகவர்கள் முன்னால் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதட்டும். சோக்குக்கட்டியை நான் கொண்டுவருகிறேன்.